எரிக் டால்ஃபியின் ‘அவுட் தேர்’: செலோ முன்வரிசையில் நின்ற இசைத்தட்டு

ஊசியை இறக்கியவுடன், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், இரண்டு குரல்கள் ஒரே மெட்டை ஒன்றாகப் பாய்ந்து வாசிக்கின்றன. ஒன்று ஆல்டோ சாக்ஸபோன் என்பது உடனே தெரிந்துவிடுகிறது. மற்றது எது என்று பிடிபட எனக்கு முதல் முறை ஏழெட்டு வினாடிகள் ஆயின. சாக்ஸபோனின் ஓரத்தில் மரத்தூள் ஒட்டியிருப்பதைப் போன்ற ஒரு சொரசொரப்பு. கவனத்தை அதன் பக்கம் திருப்பினால், அடியில் வில் இழுபடும் செலோ. அமெரிக்க ஜாஸ் கலைஞர் எரிக் டால்ஃபியின் ‘அவுட் தேர்’ என்னும் இந்த இசைத்தட்டு 1960 ஆகஸ்ட் 15 அன்று, நியூ ஜெர்சி மாநிலத்தின் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் இருந்த ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக் கூடத்தில், ஒரே நாளில் பதிவாகி, பிரெஸ்டீஜ் நிறுவனத்தின் ‘நியூ ஜாஸ்’ முத்திரையில் வெளிவந்தது. டால்ஃபி ஆல்டோ சாக்ஸபோன், பாஸ் கிளாரினெட், கிளாரினெட், புல்லாங்குழல் ஆகிய நான்கையும் மாற்றி மாற்றி வாசிக்கிறார். ஜார்ஜ் டுவிவியர் பாஸ் (செலோவைவிடப் பெரிய, தாழ்ந்த ஸ்தாயித் தந்திக் கருவி), ராய் ஹேன்ஸ் டிரம்ஸ், ரான் கார்ட்டர் செலோ. பியானோ இல்லை, டிரம்பெட்டும் இல்லை. ஏழு உருப்படிகள், மொத்தம் சுமார் 34 நிமிடங்கள்.

ஜாஸில் செலோவைக் கேட்க எங்கே தொடங்குவது என்று யார் கேட்டாலும் நான் இந்தத் தட்டையே சொல்லி வருகிறேன். இதைவிட மெருகாகச் செலோ வாசிக்கப்பட்ட ஜாஸ் தட்டுகள் பின்னாட்களில் பல வந்துவிட்டன என்பதை அறிந்தேதான் சொல்கிறேன். திரையிசையில் வயலின் கூட்டத்துக்கு அடியில் கனத்த நிழலைப் போலப் பரவிக் கிடக்கும் ஓசையாகவே நம்மில் பெரும்பாலோர் செலோவை அறிந்திருக்கிறோம். தனியாக முன்னால் வந்து, டிரம்ஸின் தாளத்தோடு மல்லுக்கட்டி, ஒரு ஊதுகருவிக்குச் சரிசமமாக நின்று பேசும் செலோ நம் காதுக்குப் புதிது. அப்படிப் பேசும்போது அந்தக் கருவிக்கு என்னென்ன கூடிவருகிறது, எங்கெங்கே இடறுகிறது என்பதை ஒளிவுமறைவின்றிக் காட்டுவதில் இந்தத் தட்டுக்கு இணையாக வேறொன்றை நான் கேட்டதில்லை.

இதன் அருமை விளங்க, அதுவரை ஜாஸில் செலோ எந்த நிலையில் இருந்தது என்பதைச் சற்றே பார்க்க வேண்டும். 1940களின் இறுதியில் ஹாரி பாபசின் என்னும் பாஸ் கலைஞர் செலோவை விரலால் மீட்டி ஜாஸ் பதிவு செய்தார். 1949இல் ஆஸ்கர் பெட்டிஃபோர்ட் பேஸ்பால் ஆட்டத்தில் கையை முறித்துக்கொண்டார். பெரிய பாஸைக் கையாள முடியாத அந்த நாட்களில் செலோவை எடுத்து, அதன் தந்திகளைப் பாஸின் முறைப்படியே, ஒரு ஸ்தாயி மேலே சுருதி சேர்த்துக்கொண்டு வாசிக்கலானார். இந்தச் சுருதி மாற்றம் சிறிய செய்தியாகத் தோன்றினாலும் முக்கியமானது. செலோவின் நான்கு தந்திகளும் ஒன்றுக்கொன்று ஐந்தாம் ஸ்வர இடைவெளியிலும், பாஸின் தந்திகள் நான்காம் ஸ்வர இடைவெளியிலும் அமைந்தவை. பாஸில் பழகிய விரல்கள் செலோவின் இயல்பான சுருதியில் திசை தெரியாமல் தவிக்கும். பெட்டிஃபோர்டின் வழியில் சென்றால் கை அறிந்த பாதையிலேயே போகலாம். அதனால் ஜாஸில் செலோ என்பது, பாஸ் கலைஞர்கள் ஓய்வுக்கு எடுத்து மீட்டும் குட்டிப் பாஸாகவே பல ஆண்டுகள் இருந்தது. பெட்டிஃபோர்டின் வாசிப்பு அழகானது, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் செலோவின் உயிர் வில்லில் இருக்கிறது. வில்லை ஒதுக்கிவிட்டுச் செலோவை மீட்டும்போது, தந்தியின் நீளம் குறைவாக இருப்பதால் ஒவ்வொரு ஸ்வரமும் பாஸைவிட வேகமாக அடங்கிவிடுகிறது. பாஸின் ஆழமும் இல்லை, செலோவின் நீட்சியும் இல்லை.

வில்லைக் கொண்டுவந்தவர் ஃபிரெட் காட்ஸ். 1955இல் தொடங்கிய சிகோ ஹாமில்டனின் ஐவர் குழுவில் அவர் செலோ வாசித்தார். ஹாமில்டன் டிரம்ஸை மென்மையாக வாசிப்பதில் பேர்போனவர் என்பதால்தான், ஒலிபெருக்கி வசதிகள் குறைவாக இருந்த காலத்தில் அந்தச் செலோ அவையில் கேட்டது. அது நேர்த்தியான இசை. ஆயினும் செலோவுக்கு அங்கே கிடைத்தது பெரும்பாலும் ஐரோப்பிய அறை இசையின் (சிறு குழுவாக வாசிக்கும் செவ்வியல் இசையின்) சாயலைக் குழுவுக்குப் பூசும் வேலை. காட்ஸுக்குப் பின் அந்த இடத்தில் நேதன் கெர்ஷ்மன் அமர்ந்தார்; 1958இல் டால்ஃபி அதே குழுவில் சேர்ந்தார். செலோவின் பக்கத்திலேயே நின்று ஊதிய பழக்கம் டால்ஃபிக்கு இப்படித்தான் வந்தது. 1959இல் அந்தக் குழுவுக்குப் பாஸ் வாசிக்க வந்த இளைஞர் ரான் கார்ட்டர்.

கார்ட்டரின் கதை இந்தத் தட்டின் உள்ளே ஓடும் ஒரு தந்தி. மிச்சிகன் மாநிலத்தில் 1937இல் பிறந்த அவர், பத்து வயதில் கையில் எடுத்த கருவி செலோ. டெட்ராய்ட்டின் காஸ் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது, வெளியே வாசிக்கும் வாய்ப்புகள் வெள்ளை மாணவர்களுக்கே போவதைக் கண்டார். பள்ளியில் பாஸ் வாசிப்பவர் படிப்பை முடித்து வெளியேறும் வேளை வந்தபோது, அந்தக் காலியிடத்தை நினைத்துப் பாஸுக்கு மாறினார். ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் 1959இல் பட்டம் பெற்றார். அந்நாட்களில் ஹூஸ்டன் சிம்பொனியை நடத்தி வந்த லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி தன் வாசிப்பை மெச்சியும், கருப்பினக் கலைஞர் ஒருவரை ஏற்க அந்த ஊர் ஆயத்தமாக இல்லை என்று சொல்லிவிட்டதைக் கார்ட்டர் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். ஆக, ஹாமில்டனின் குழுவில் கெர்ஷ்மனின் செலோவுக்குப் பக்கத்தில் பாஸோடு நின்றவர், செலோவிலேயே வளர்ந்து, நிறத்தின் காரணமாக அதை விட்டு விலக நேர்ந்தவர். மறு ஆண்டு டால்ஃபி தன் இரண்டாவது தட்டுக்கு ஆள் திரட்டியபோது, பாஸ் வாசிக்க டுவிவியரை வைத்துக்கொண்டு, கார்ட்டரிடம் செலோவைக் கொடுத்தார். அப்போது கார்ட்டருக்கு வயது 23.

அதே ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் டால்ஃபி பதிவு செய்த முதல் தட்டில், அவருக்கு அருகே ஃப்ரெடி ஹப்பர்டின் டிரம்பெட்டும் ஜாக்கி பயர்டின் பியானோவும் இருந்தன. நான்கரை மாதம் கழித்து அந்த இரண்டு இருக்கைகளையும் எடுத்துவிட்டு ஒரே ஒரு செலோவை வைத்தார் என்பதைக் கவனித்தால், இந்தத் தட்டின் துணிவு புரியும். மெட்டு வாசிக்கும்போது செலோ இரண்டாவது ஊதுகருவி; டால்ஃபி தனியாக வாசிக்கும்போது சில இடங்களில் பியானோ செய்யும் வேலையைத் தொட்டுக்கொடுக்கிறது; பல இடங்களில் வாய்மூடி இருக்கிறது, அந்த மௌனத்தில் டுவிவியரின் பாஸ் துலக்கமாகக் கேட்கிறது.

தலைப்பு உருப்படி வேகமானது. சாக்ஸபோன் கலைஞர் ஒவ்வொரு ஸ்வரத்தையும் நாக்கால் தட்டிப் பிரித்து அழுத்தம் தர முடியும். ஜாஸின் துள்ளல் அந்த அழுத்தத்தில்தான் பிறக்கிறது. வில்லுக்கு அந்த வசதி இல்லை. இழுக்கும் திசையை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஓசையின் முகம் மாறிவிடும், மாற்றாமல் நீட்டினால் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று வழுக்கிச் சேர்ந்துவிடும். கார்ட்டர் தன் தனிவாசிப்பில் இந்தச் சிக்கலை நேராகவே எதிர்கொள்கிறார். குட்டையான இழுப்புகளால் வாக்கியங்களை நறுக்கி வைத்துக்கொண்டு போகிறார். சில இடங்களில் வில் தந்தியைக் கடிக்கும் ஓசை ஸ்வரத்துக்கு முன்பே நம்மை வந்தடைகிறது. அழகாக வாசிக்க வேண்டும் என்ற கவலை அவரிடம் இல்லை. டால்ஃபியின் ஆல்டோ பேச்சுக்கும் கூவலுக்கும் நடுவே தாவிச் செல்வது. அதன் பக்கத்தில் வழுவழுப்பான செலோ நின்றிருந்தால் இருவரும் வேறு வேறு வீட்டில் இருந்து பேசுவதைப் போல ஆகியிருக்கும். இந்தச் சொரசொரப்பே இருவரையும் ஒரே கூரைக்குக் கீழே வைக்கிறது.

டால்ஃபி பாஸ் கிளாரினெட்டைக் கையில் எடுக்கும் ‘செரீன்’, ‘தி பேரன்’ ஆகிய இரண்டிலும் வேறொரு வகையான நெருக்கம் உண்டாகிறது, எனக்கு மிகவும் பிடித்த ஒலிச்சேர்க்கை இதுவே. செலோவின் தடித்த தந்தி நடு ஸ்தாயிக்கு இரண்டு ஸ்தாயி கீழே உள்ள ‘சி’ ஸ்வரத்தில், அதாவது சுமார் 65 ஹெர்ட்ஸில், ஒலிப்பது. வழக்கமான பாஸ் கிளாரினெட்டின் கடைசி ஸ்வரம் அதற்கு அரை ஸ்வரம் மேலே, சுமார் 69 ஹெர்ட்ஸில் நிற்கிறது. ஒன்று மரத்துளைக்குள் அதிரும் காற்று, மற்றொன்று மரப்பெட்டியின் மேல் அதிரும் தந்தி. பிறப்பு வேறானாலும் இரண்டும் ஒரே தரையில் கால் ஊன்றி நிற்பவை. ‘தி பேரன்’ மூன்று நிமிடத்துக்கும் குறைவானது. அதன் வளைந்து நெளியும் மெட்டை இரண்டும் ஒட்டி உறவாடி வாசிக்கும்போது, இரண்டு கருவிகளும் கலந்து, பெயரிடப்படாத மூன்றாவது கருவி ஒன்று ஒலிப்பதாகவே தோன்றுகிறது. நல்ல ஒலிபெருக்கியில் கேட்டால், அந்தக் கலவைக்கும் கீழே, 41 ஹெர்ட்ஸ் வரை இறங்கக்கூடிய டுவிவியரின் பாஸ் தனி அடுக்காகப் பிரிந்து நிற்பது தெரியும். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் இந்த அடுக்குகள் அனைத்தும் ஒரே முணுமுணுப்பாகிவிடும் என்பதால், கைப்பேசியில் கேட்பவர்கள் காதில் பொருத்தும் கருவியையாவது பயன்படுத்த வேண்டும்.

இனி, இந்தத் தட்டைப் பற்றிப் பேசுவோர் யாரும் தவிர்க்க முடியாத விஷயத்துக்கு வருகிறேன்: கார்ட்டரின் சுருதி. வில் வாசிப்பில், குறிப்பாக வேகமான இடங்களில், செலோ ஆங்காங்கே சுருதியிலிருந்து விலகுகிறது. இதைக் குறையாகச் சொல்பவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. நானும் வெகுநாள் அந்தக் கட்சியில்தான் இருந்தேன், அதற்கு ஒரு காரணமும் இருந்தது. நான் முதலில் வாங்கியது மலிவான மறுபதிப்பு ஒன்று. எந்தக் கடையில் என்று சொல்லத் தேவையில்லை. அதில் கேட்கும்போது மெதுவான உருப்படிகளில்கூடச் செலோவின் நீண்ட ஸ்வரங்கள் மெல்ல மேலேறி மெல்லக் கீழிறங்கின. இதை நம்பி, இவ்வளவு புகழ்பெற்ற கலைஞர் இப்படி வாசித்திருக்கிறாரே என்று வருந்தினேன். ஓராண்டுக்குப் பின் ஒரு மாலையில் தட்டு சுழல்வதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தபோது, ஊசி தாங்கிய கை ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை உள்ளேயும் வெளியேயும் அசைவது கண்ணில் பட்டது. நடுத்துளை மையத்தில் இல்லாமல் சற்று விலகி இடப்பட்டிருந்தது. நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால் சுற்றுக்குச் சற்று மேலே சுழலும் தட்டில் ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு கேட்டேன், செலோவின் ஏற்ற இறக்கமும் அதே 1.8 வினாடிக்கு ஒருமுறை வந்தது. மாற்றித் தரக் கேட்டதற்கு, பழைய பதிவு என்றால் அப்படித்தான் இருக்கும் என்ற பதிலே கிடைத்தது. டிரம்ஸில் இந்தக் கோளாறு தெரியாது, ஆல்டோவின் விரைவான ஓட்டத்திலும் மறைந்துவிடும். நீளமாக இழுபடும் வில்லோசையில்தான் முழுவதுமாக வெளிப்படும். செலோவுக்குச் சேராத பழியை நான் செலோவின் தலையில் ஏற்றியிருந்தேன்.

குறுந்தட்டில் மீண்டும் கேட்டபோது அந்த அலைவு போய்விட்டது. ஆனால் எல்லாம் போய்விடவில்லை. வேகமான இடங்களில் விரல் சற்றே தள்ளி விழும் ஸ்வரங்கள் மெய்யாகவே இருக்கின்றன. இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. முழு அளவுச் செலோவில் அதிரும் தந்தியின் நீளம் ஏறத்தாழ 69 செ.மீ.; பாஸில் 105 செ.மீ. அளவில் இருக்கும். திறந்த தந்தியிலிருந்து முதல் அரை ஸ்வரத்துக்கு விரல் நகர வேண்டிய தூரம் செலோவில் 4 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு, பாஸில் கிட்டத்தட்ட 6 செ.மீ. வயலினைப் போலவே இரண்டிலும் மெட்டுக் கட்டைகள் கிடையாது. விரலுக்கு வழிகாட்டுவது காதும் பழக்கமும் மட்டுமே. சிறுவயதில் 4 செ.மீ.க்குப் பழகி, அதன்பின் ஐந்தாறு ஆண்டுகள் இரவுபகலாக 6 செ.மீ.க்கு மாறிய ஒரு கை, மீண்டும் 4 செ.மீ.க்குத் திரும்பி வருவதை நாம் இந்தத் தட்டில் கேட்கிறோம். அந்தக் கை ஏன் இடம் மாறியது என்பது தெரிந்த பிறகு, அந்த விலகல்களை என்னால் வெறும் பிழைகளாகக் கேட்க முடியவில்லை. அதற்காக அவை இல்லை என்று வாதிடவும் மாட்டேன். சுத்தமான சுருதியை முதன்மையாக எதிர்பார்ப்பவர்களுக்குத் தலைப்பு உருப்படி சில இடங்களில் உறுத்தும். அவர்கள் தட்டின் இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்குவது நல்லது.

இரண்டாம் பக்கத்தின் முதல் உருப்படி ‘எக்லிப்ஸ்’. இரண்டே முக்கால் நிமிடம்தான், என் கணிப்பில் தட்டின் உச்சம் இதுவே. இது சார்லஸ் மிங்கஸின் ஆக்கம்; பாடகி பில்லி ஹாலிடேயை மனத்தில் வைத்து எழுதியது. மிங்கஸ் இதே 1960இன் மே மாதத்தில் தன் பெரிய குழுவைக் கொண்டு பாடகியின் குரலோடு இதைப் பதிவு செய்திருந்தார். அக்குழுவில் டால்ஃபியும் இருந்தார். இங்கே சொற்கள் இல்லை. டால்ஃபி, மிக அரிதாகவே பதிவுகளில் வாசித்த சாதாரணக் கிளாரினெட்டை எடுத்துக்கொண்டு, பாடகி பாட வேண்டிய வரிகளைச் சற்று ஈரம் வற்றிய குரலில் சொல்கிறார். வில்லிட்ட செலோ அதன் அருகிலேயே, சில சமயம் தொட்டும் சில சமயம் அரை அடி விலகியும் நடக்கிறது. கிளாரினெட் மூச்சுக்காக நிறுத்தும் இடங்களைக் கேளுங்கள்: மூச்சு தேவைப்படாத செலோ அந்த இடைவெளியின் மேல் நீண்டு, அதை மூடிவிடாமல், அடுத்த வாக்கியத்தின் வாசலில் கொண்டுபோய் விடுகிறது. பியானோவால் இதைச் செய்ய முடியாது. தட்டிய கணத்திலிருந்து பியானோவின் ஒலி தேயத்தான் செய்யும். மற்றொரு சாக்ஸபோன் செய்தால் அதுவும் மூச்சுக்காக நிற்க வேண்டும். செலோ என்னும் கருவியை ஜாஸுக்கு அழைத்து வந்ததன் பயன் எல்லாம் இந்த ஓரிரு கணங்களில் கைகூடிவிடுகிறது.

இன்னொன்றும் இங்கே உண்டு. மிங்கஸும் இளமையில் செலோ வாசித்தவர். லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்த அவர், கருப்பினச் சிறுவனுக்குச் செவ்வியல் இசையில் எதிர்காலம் இல்லை என்ற நிலையில், நண்பர் சொல்லைக் கேட்டுச் செலோவை விட்டுப் பாஸுக்குப் போனார். ஆக, செலோவை விட்டுச் சென்ற ஒருவர் எழுதியதை, செலோவை விட்டுச் சென்ற இன்னொருவர் செலோவிலேயே வாசிக்கிறார். அதே தட்டில் ‘தி பேரன்’ என்பதும் மிங்கஸைக் குறிக்கும் பெயர்தான்; ஒரு காலத்தில் அவர் தன்னை பேரன் மிங்கஸ் என்று அழைத்துக்கொண்டவர். இந்தப் பொருத்தத்தை டால்ஃபி எண்ணிச் செய்தாரோ இல்லையோ, அறிந்தபின் ‘எக்லிப்ஸ்’ முன்பு கேட்டதைப் போல எனக்குக் கேட்பதில்லை.

புல்லாங்குழல் வரும் இரண்டு உருப்படிகளைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. ‘17 வெஸ்ட்’ கூர்மையானது, விறுவிறுப்பானது; ஆனால் புல்லாங்குழலுக்கும் செலோவுக்கும் நடுவே உள்ள இடைவெளி பெரிது என்பதால் பாஸ் கிளாரினெட்டோடு கூடிய ஒட்டுதல் இங்கே அமையவில்லை. ராண்டி வெஸ்டன் எழுதிய ‘ஸ்கெட்ச் ஆஃப் மெல்பா’ அதைவிட இதமானது; டிரம்போன் கலைஞரும் இசையமைப்பாளருமான மெல்பா லிஸ்டனைக் குறித்து எழுதப்பட்ட மெட்டு அது. கடைசி உருப்படியான ‘ஃபெதர்ஸ்’, ஹேல் ஸ்மித் எழுதியது. டால்ஃபியின் ஆல்டோ இங்கே தன் அதட்டலை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு மெதுவாக, நீளமாக, ஏறக்குறையக் கெஞ்சும் தொனியில் பாடுகிறது. முதல் உருப்படியில் அத்தனை முண்டிய செலோ இதில் அடங்கி ஒதுங்கி நிற்பது, அதே கலைஞர்தானா என்று கேட்க வைக்கிறது.

டுவிவியரையும் ஹேன்ஸையும் பாராட்டாமல் இந்த மதிப்புரை முழுமை பெறாது. செலோ முன்னால் வந்துவிட்டால், தாழ்ந்த ஸ்தாயியில் இரண்டு தந்திக் கருவிகள் ஒன்றை ஒன்று மறைக்கும் அபாயம் எப்போதும் உண்டு. டுவிவியர் தன் ஸ்வரங்களை உருண்டையாக, ஒவ்வொன்றுக்கும் தெளிவான தொடக்கம் வைத்து மீட்டுகிறார். செலோ மேலே என்ன செய்தாலும் தரை ஆடுவதில்லை. ஹேன்ஸ் சிறு முரசில் சடசடவென்று குறுக்கே சொற்களை எறிபவர், ஆனால் வில் இழுபடும் வேளைகளில் கைகளைச் சுருக்கிக்கொள்கிறார். ஒலிபெருக்கி பொருத்தாத செலோவுக்கு டிரம்ஸ் கலைஞர் காட்டும் இந்த இங்கிதம் இல்லையென்றால் எந்த ஒலிப்பதிவாளராலும் அதைக் காப்பாற்ற முடியாது. வான் கெல்டர் செலோவை நெருங்கிப் பதிவு செய்திருப்பதாகவே என் காதுக்குப் படுகிறது. தந்தியின் உரசல் தெளிவாக இருக்கிறது. பெட்டியின் உள்ளிருந்து வரும் வெப்பமான முழக்கம் நான் விரும்பும் அளவுக்கு இல்லை. செவ்வியல் செலோப் பதிவுகளில் பழகியவர்களுக்கு இது முதலில் ஒல்லியாகத் தோன்றும். இதுவே எனக்கு இத்தட்டின் மேல் உள்ள மெய்யான குறை.

இந்தக் கூட்டணி தொடர்ந்தது என்பதையும் வாங்குபவர்கள் அறிந்திருப்பது நல்லது. 1961 ஜூன் மாதத்தில், ஒரு வார இடைவெளியில், கார்ட்டரும் டால்ஃபியும் மேலும் இரண்டு தட்டுகளில் சேர்ந்து வாசித்தார்கள்: கார்ட்டர் தன் பெயரில் வெளியிட்ட முதல் தட்டான ‘வேர்?’, பியானோ கலைஞர் மால் வால்ட்ரனின் ‘தி குவெஸ்ட்’. இரண்டிலும் கார்ட்டரின் செலோ உண்டு. இரண்டிலும் பியானோவும் உண்டு என்பதால் செலோவின் மேல் விழும் சுமை குறைவு, வாசிப்பில் நிதானம் கூடியிருக்கிறது. ‘அவுட் தேர்’ பிடித்துப்போனவர்கள் அடுத்ததாக ‘தி குவெஸ்ட்’டுக்குப் போகலாம். 1963இல் கார்ட்டர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் சேர்ந்தார்; உலகம் அவரைப் பாஸ் கலைஞராகவே அறிந்தது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளில் அவருடைய பாஸ் ஒலிக்கிறது. 1970களில் பாஸைவிட உயர்ந்த சுருதி கொண்ட பிக்கலோ பாஸை எடுத்துக்கொண்டு அவர் குழுவின் முன்னால் வந்து நின்றபோது, 1960இன் அந்தச் செலோக்காரரையே நான் அதில் கேட்கிறேன். டால்ஃபி 1964 ஜூன் 29 அன்று பெர்லினில், நீரிழிவு நோய் முற்றி, 36 வயதில் மறைந்தார்.

இணைய ஒலிபரப்புச் சேவைகளில் இந்தத் தட்டு எளிதாகக் கிடைக்கிறது. செலோவின் சுருதியைப் பற்றி ஒரு முடிவுக்கு வர விரும்புபவர்கள் முதலில் அதிலேயே கேட்டுவிடலாம், அங்கே சுழற்சிக் கோளாறு என்ற பேச்சுக்கே இடமில்லை. டால்ஃபியின் பிரெஸ்டீஜ் பதிவுகள் முழுவதையும் திரட்டி 1995இல் வெளியான ஒன்பது குறுந்தட்டுத் தொகுப்பில் ‘அவுட் தேர்’, ‘வேர்?’, ‘தி குவெஸ்ட்’ மூன்றும் அடங்கியுள்ளன. பழைய பிரதி எங்காவது நியாயமான விலைக்குக் கண்ணில் பட்டால், தனித்தட்டுகளாகத் தேடி அலைவதைவிட அதுவே சிக்கனம். பெரிய தட்டாகவே வாங்குவதென்றால் ‘ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ்’ வரிசையின் மறுபதிப்புப் போதும். ‘நியூ ஜாஸ்’ முத்திரையிட்ட முதல் பதிப்புக்குக் கேட்கப்படும் விலை, சேகரிப்பாளர்களுக்கே உரியது. எந்தப் பதிப்பானாலும், கடையிலேயே ஒருமுறை சுழலவிடச் சொல்லி, ‘எக்லிப்ஸ்’ தொடங்கும் இடத்தில் ஊசியை வைத்து, ஊசி தாங்கிய கை பக்கவாட்டில் அசைகிறதா என்று அரை நிமிடம் உற்றுப் பாருங்கள். அசைந்தால் அந்தப் பிரதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று கேளுங்கள்.